கை நனைத்த வீடு

அத்தியாயம் 17

போன வாரம் வடிவம்மாளைக் குற்றாலத்தில், காண்டிராக்டர் சிவனணைந்தபெருமாளின் பங்களாவில், பந்தியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். தலைவாழை இலை போட்டிருந்தது. முதலாளியின் சம்சாரம் நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். முதலாளியே வாசற்படி வரைக்கும் வந்து, "சம்பந்தியம்மா, கூச்சப்படாம சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'சம்பந்தியம்மா'வில்தான் வடிவம்மாள் விழுந்தாள். விழாமல் என்ன செய்வாள்? மகள் உலகம்மாளுக்குப் பத்தொன்பது முடியப் போகிறது. புருஷன் ஆறுமுகநயினாருக்குத் தென்காசி பஜாரில் நாட்டு மருந்துக்கடை. சுக்கும் திப்பிலியும் விற்று வருகிற வரும்படியில் எந்த வரனும் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, பி.ஏ. படித்த மூத்த மகனைத் தருகிறேன், வந்து வீட்டைப் பாருங்கள் என்று அந்தப் பெரிய மனிதர் ஆள் அனுப்பினால் எந்தத் தாய்க்குத்தான் கால் தரையில் பாவும்?

"வீட்டைப் பாத்துட்டு வா. ஆனா கை மட்டும் நனைச்சிராத" என்று ஆறுமுகநயினார் சொல்லித்தான் அனுப்பினார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காப்பி குடிக்கலாம், பழம் சாப்பிடலாம், வெற்றிலை போடலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். 'கை நனைச்சாச்சு' என்றால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். வடிவம்மாள் புருஷன் சொன்னதை மறந்து, இரண்டாம் தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அது செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் மூன்று மணிக்குச் சிற்றாற்றங்கரை யூனியன் போர்டில் தலைவர் தேர்தல்.

போர்டில் ஒன்பது மெம்பர்கள். அவர்கள் கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் ஆறுமுகநயினார். இன்னொரு பக்கம் வக்கீல் சிவசுப்பிரமணியன். வக்கீல் என்று பெயர்தானே தவிர அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் காண்டிராக்டரின் பேச்சு. காண்டிராக்டர் எந்தத் தேர்தலிலும் நிற்கமாட்டார். நிற்கிறவர்களை நிறுத்தி வைப்பார். மெம்பர் தேர்தலில் ஜெயித்தவனுடைய ஆட்களும் தோற்றவனுடைய ஆட்களும் அவருடைய மோட்டார்காரில்தான் ஓட்டுப் போட வந்து இறங்கினார்கள். கதர் நிதிக்கும் கொடுப்பார். கவர்னர் வந்தால் வரவேற்பு வளைவுக்கும் கொடுப்பார். எவன் ஜெயித்தாலும் அவனுடைய வெற்றியில் அவருக்கு ஒரு பங்கு இருக்கும்.

அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சந்தைக் குத்தகை. மூன்று தவணையாக அது அவர் கையில் இருக்கிறது. கூடைக்குக் காலணாவாக இருந்த வரி ஓரணாவாகிவிட்டது. 'இந்தத் தடவை குத்தகையை அவருக்கு விடமாட்டேன்' என்று ஆறுமுகநயினார் சந்தை நடுவில் நின்று வாக்குக் கொடுத்தார். அதனால்தான் அவர் மெம்பரானார். அதனால்தான் பங்களாவிலிருந்து சம்பந்தப் பேச்சும் வந்தது. இந்த இரண்டாவது விஷயம் வடிவம்மாளுக்கு இன்று காலை ஏழு மணி வரைக்கும் தெரியாது.

ஏழு மணிக்கு மாடத்தி வந்தாள்.

மாடத்தி சுந்தரபாண்டியபுரத்துக்காரி. தலைக்கூடையில் கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவந்து விற்கிறவள். தினமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, வடிவம்மாளிடம் ஒரு வாய் நீராகாரம் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவாள். இன்றைக்குக் கூடையை இறக்கவில்லை.

"ஆச்சி, நீங்க பங்களாவுல கை நனைச்சிட்டீகளாமே."

வடிவம்மாள் சிரித்தாள். "ஏட்டி, அதுக்குள்ள உனக்குத் தெரிஞ்சு போச்சா? இன்னும் யாருக்கும் சொல்லலையே."

"நீங்க சொல்லாண்டாம். நேத்து மத்தியானமே மெம்பருமாரு எல்லாருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாச்சு. மருந்துக்கடை வீட்டுல முதலாளி சோத்தைத் தின்னாச்சு, இனி எதுக்கு முறுக்குதீகன்னு. குத்துக்கல்வலசை நல்லகண்ணு அண்ணாச்சி ராத்திரியே வண்டி கட்டிப் பங்களாவுக்குப் போயிட்டாக."

வடிவம்மாளின் சிரிப்பு நின்றது. நல்லகண்ணு எந்தப் பக்கமும் சாயாமல் இருந்த மெம்பர். நாலுக்கு நாலு என்று நிற்கிற போர்டில் அவர் கைதான் ஒன்பதாவது கை. ஆறுமுகநயினார் அவர் வீட்டுக்கு நாலு தடவை நடந்திருக்கிறார்.

"அது வேற, இது வேற ஏட்டி. நான் சம்பந்தத்துக்குத்தான் கை நனைச்சேன். எலக்சனுக்கு இல்ல."

"எந்தச் சம்பந்தம்?" மாடத்தியின் குரலில் பரிதாபமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. "பங்களாவுக்கு நான்தான் காய் போடுதேன். தூத்துக்குடியிலேருந்து உப்பள முதலாளி குடும்பத்தோட வந்து இறங்கியிருக்காக. அவுக மகளைத்தான் மூத்தவருக்கு முடிக்காக. ஆவணியில கல்யாணம். சமையக்காரரு எங்கிட்ட முருங்கைக்காய் எத்தனை கட்டு வேணும்னு இப்பவே பேசிட்டாரு."

மாடத்திக்கு இன்னும் சொல்ல வேண்டியது இருந்தது.

"எனக்கு ஓட்டு இல்ல ஆச்சி. எங்க வீட்டு ஆம்பளைக்கும் இல்ல. வீட்டு வரி கட்டுதவுகளுக்குத்தானே ஓட்டு. ஆனா நம்ம மருந்துக்கடை அண்ணாச்சி சந்தையில சொன்ன சொல்லைக் கேட்டு, ஓட்டு இருக்கவன் வீடு வீடா நாங்கதான் நடந்தோம். கூடையைத் தலையில வச்சிக்கிட்டே நடந்தோம். நீங்க ஒரு இலைச் சோத்துல அதை முடிச்சிட்டீக."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நீராகாரம் கேட்கவில்லை.

வடிவம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆறுமுகநயினார் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கடைக்குப் போகிற நேரம் தாண்டியிருந்தது.

"ஏங்க, என்ன எழுதுதீக?"

"தலைவருக்கு நிக்கலைன்னு எழுதுதேன்."

"நான் தின்னதுக்கு நீங்க ஏன் விலகணும்?"

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "நீ வேற நான் வேறயா? அந்த வீட்டுச் சோறு நம்ம வீட்டுக்குள்ள வந்தாச்சு. அவரு நிறுத்தின ஆளுக்கு எதிரா நான் எப்படி நிப்பேன்? நாளைக்கு எவன் என்னை மனுசன்னு மதிப்பான்?"

"அவுக நம்மள ஏமாத்திட்டாக."

"அவரு ஏமாத்தலாம். நான் சோத்துக்குத் துரோகம் பண்ண முடியாது."

ஆறுமுகநயினார் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் மேல் எனக்குச் சில சமயம் கோபம் கோபமாக வருகிறது. காண்டிராக்டர் யாருக்கும் லஞ்சம் கொடுத்ததில்லை. கொடுத்தால் வாங்கின பிறகும் மாற்றிக் கை தூக்குகிறவன் இருக்கிறான். ஆனால் சோறு போட்டுவிட்டால் நம் ஆட்கள் மாறமாட்டார்கள். சாரல் காலத்தில் பங்களாவுக்குக் கூப்பிட்டு, ஆள் வைத்து எண்ணெய் தேய்த்து, அருவியில் குளிக்க வைத்து, இலை போட்டு உட்கார வைத்தால் போதும். நம்முடைய நல்ல குணம் எது என்று அவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். அதைத்தான் அவர் வாங்கினார்.

புருஷன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வடிவம்மாள் அழுதிருப்பாள். அவர் திட்டவில்லை. மையைத் தொட்டுத் தொட்டு, அழகான கையெழுத்தில், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுக்களைக்குள் போய்த் தேங்காயை எடுத்து உடைத்தாள்.

உலகம்மாள் தேங்காய் துருவுகிற திருவலகை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கூடத்தில் நடந்தது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது.

"எம்மா, எத்தனை தேங்காய்?"

"நாலு. மூணு பாலும் தனித்தனியா எடு. பாசிப்பருப்பை வறு."

உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "சொதியா?"

"சொதிதான். அந்த ஆளு போட்ட சோத்துக்குத் திருப்பிச் சோறு போடப் போறேன்."

சொதி என்றால் திருநெல்வேலிச் சீமையில் வெறும் குழம்பு இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற மறுவீட்டுச் சாப்பாடு அது. சம்பந்தி சொதி சாப்பிட்டால் இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டது என்று பொருள். வடிவம்மாளின் யோசனை சுலபமானது. காண்டிராக்டர் இதைச் சாப்பிட்டால் நாலு பேர் முன்னால் சம்பந்தத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடமாட்டேன் என்றால், தான் போட்ட சோறும் சும்மாதான் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். எப்படியானாலும் இரண்டில் ஒன்று தெரிய வேண்டும்.

இஞ்சிப் பச்சடி அரைத்து, சோறு வடித்து, தூக்குச்சட்டிகளில் எடுத்து வைக்கும்போது மணி பதினொன்று. ஆறுமுகநயினார் அதற்குள் கடைக்குப் போயிருந்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தார்.

உலகம்மாள் சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீ எங்க வாற? கல்யாணமாகாத புள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாளா ஏட்டி?"

"எந்த மாப்பிள்ளை?" என்றாள் உலகம்மாள். "என்னைக் காட்டித்தானே ஓட்டு வாங்கினாக. அந்த மூஞ்சியை நானும் ஒரு தடவை பாக்குதேன்."

வடிவம்மாள் ஒரு தூக்குச்சட்டியை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாக ஜட்காவில் ஏறினார்கள்.

குற்றாலத்துப் பாதை முழுக்க ஆட்கள். சாரல் முகத்தில் அடித்தது. தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் துண்டுமாகக் கூட்டம் கூட்டமாக அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த வடிவம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மாடத்தி சொன்னது பொய்யாக இருந்தால்? சமையற்காரன் தப்பாகச் சொல்லியிருந்தால்? இந்த நினைப்புக்காக அவள் தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் அது போகவில்லை.

பங்களாவில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பெரிய ஹாலில் ஐந்து மெம்பர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் தலையிலும் எண்ணெய் பளபளத்தது. கடைசியில் நல்லகண்ணு. வடிவம்மாளைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். நாற்காலியில் சரிகை அங்கவஸ்திரத்தோடு ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார். அவர்தான் தூத்துக்குடி உப்பளக்காரராக இருக்க வேண்டும் என்று வடிவம்மாள் நினைத்துக்கொண்டாள். சிவனணைந்தபெருமாள் இலை இலையாக விசாரித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா" என்றார்.

வெறும் அம்மா. செவ்வாய்க்கிழமை சம்பந்தியம்மா, வியாழக்கிழமை அம்மா. வடிவம்மாளுக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"முந்தாநாள் உங்க வீட்டுல கை நனைச்சேன். எங்க வீட்டுச் சோத்தை நீங்களும் ஒரு வாய் சாப்பிடணும்லா. சொதி கொண்டாந்திருக்கேன்."

சொதி என்ற வார்த்தையைக் கேட்டதும் வரிசையில் ஐந்து தலையும் நிமிர்ந்தது. நல்லகண்ணு பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

காண்டிராக்டருக்கு மட்டும் புரியாமல் இருக்குமா? நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தன் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிற ஐந்து பேர் முன்னால், இன்னொருத்தி சோற்றை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஒரு நொடிதான் யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க."

உலகம்மாள் பரிமாறினாள். அவர் சாப்பிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சாப்பிட்டார். இஞ்சிப் பச்சடி இன்னும் கொஞ்சம் கேட்டார். "சொதி ரொம்ப ருசி. ஒருநாள் வந்து நம்ம சமையக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். சமையலுக்கு ஆள் அமர்த்துகிற குரல்தான் அது.

வடிவம்மாள் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கேள்வி நாக்கு வரைக்கும் வந்து நின்றது. கேட்டுவிட்டால் இந்தப் பேச்சு முறிந்தது முறிந்ததுதான். ஒருவேளை அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பாழாய்ப்போன நினைப்பு மறுபடி வந்து அவள் வாயை அடைத்தது.

உலகம்மாள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"சாப்பிட்டாச்சு. நிச்சயதாம்பூலம் என்னைக்குன்னு அம்மா கேக்க வந்தாக. கேக்க வெக்கப்படுதாக. நான் கேக்கேன்."

நாற்காலிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன நிச்சயதாம்பூலம்? யாருக்கு?"

காண்டிராக்டர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஒண்ணுமில்ல அத்தான். வெளியூரு வெள்ளந்தி சனங்க." பிறகு வடிவம்மாள் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "ஏம்மா, ஒரு வாய் சோறு தின்னா சம்பந்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? இந்த வீட்டுல தினமும் நூறு பேர் சாப்பிடுதான். நூறு பேரும் எனக்குச் சம்பந்தியா? சாப்பாடு வேற, சம்மதம் வேற."

வடிவம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அவளுடைய மகளைப் பற்றிய பேச்சு. அவள் இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் நகைப்பெட்டியைத் திறந்து திறந்து மூடிய பேச்சு. அதை இந்த மனிதர் விரலை நக்கிக்கொண்டே முடித்துவிட்டார். கத்தலாம் போல இருந்தது. கத்தினால் கிராமத்துப் பொம்பளை கத்துகிறாள் என்று அவர் அதையும் சிரித்து முடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் நேராக நல்லகண்ணுவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கேட்டீகளா? உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்காக. சாப்பாடு வேற, சம்மதம் வேற. அவுக வாயாலயே சொல்லிட்டாக. இனி இந்த இலையில இருக்கறதுக்காக யாரும் கை தூக்க வேண்டியதில்ல. வயிறு நிறையச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு உங்க மனசு சொல்லுதபடி செய்யுங்க."

காண்டிராக்டரின் சிரிப்பு அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது. நல்லகண்ணு மறுபடி இலைப் பக்கம் குனிந்தார். பாயசம் வந்தது. வாங்கிக் குடித்தார்.

மிச்சச் சொதியை அங்கே விட்டுவர வடிவம்மாளுக்கு மனசில்லை. தூக்குச்சட்டியை மூடி எடுத்து வந்து ஜட்காக்காரனுக்குக் கொடுத்தாள். அவன் அருவிக்கரையோரம் வண்டியை நிறுத்தி, நல்ல பசியோடு சாப்பிட்டான்.

தென்காசிக்குத் திரும்பும்போது மணி இரண்டரை. ஆறுமுகநயினார் கடையில் யாருக்கோ திப்பிலி நிறுத்துக்கொண்டிருந்தார். கல்லாப் பக்கத்தில் அந்தக் காகிதம் இருந்தது. வடிவம்மாள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். உலகம்மாள் நடுநடுவே திருத்தினாள்.

ஆறுமுகநயினார் தராசைக் கீழே வைத்தார்.

"சாப்பாடு வேற, சம்மதம் வேறன்னா சொன்னாரு?"

"சொன்னாக. அஞ்சு மெம்பர் முன்னால சொன்னாக."

"இத்தனை வருசமா அவருக்கு இது வெறும் சோறுதானா?" அவருடைய மூக்கு நுனி சிவந்தது. அவருக்குக் கோபம் வந்து வடிவம்மாள் பார்த்தது இருபது வருஷத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். "நாமதான் அதை நம்பிக்கிட்டு இருந்தோம். கை நனைச்சிட்டோம், கை நனைச்சிட்டோம்னு நாமதான் செத்தோம். அந்த ஆளுக்கு ஒரு நாளும் அது உறைக்கலை."

கல்லாப் பக்கத்திலிருந்த காகிதத்தை எடுத்தார். அதிலேயே திப்பிலியைக் கொட்டி, மடித்து, நூல் சுற்றி, வந்தவரிடம் கொடுத்தார். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு போர்டு ஆபீசுக்கு நடந்தார்.

போர்டு ஆபீஸ் வாசலில் சந்தைப் பெண்கள் முப்பது நாற்பது பேர் கூடைகளோடு வந்து நின்றிருந்தார்கள். உள்ளே விட மாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கத் தடையில்லை. மாடத்தி முன்னால் நின்றாள். வடிவம்மாளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இடம் விட்டதே பெரிசு என்று வடிவம்மாள் மகளோடு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

தேர்தல் நடத்த வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முதலில் வக்கீல் பெயரைச் சொன்னார். நாலு கை எழுந்தது. நல்லகண்ணுவின் கை மேஜைக்கடியில் இருந்தது. வரிசையின் பின்னால், பார்வையாளர் நாற்காலியில் இருந்த காண்டிராக்டர் இருமினார். அந்தக் கை எழவில்லை.

பிறகு ஆறுமுகநயினார் பெயர். மூன்று கை உடனே எழுந்தது. ஆறுமுகநயினார் தன் கையையும் தூக்கினார். நல்லகண்ணு துண்டால் நெற்றியைத் துடைத்தார். இன்னும் அவர் தலையில் குற்றாலத்து எண்ணெய் இருந்தது. மெதுவாக, தோள் வலிக்கிறவர் போல, அவரும் தூக்கினார்.

ஐந்துக்கு நாலு.

ஜன்னலுக்கு வெளியே கூடைகள் தரையில் விழுந்தன. மாடத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆச்சி, நான் காலையில பேசினதை மனசுல வச்சிக்கிடாதீக" என்றாள். வடிவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை அப்போது வந்தது. பத்தொன்பது வயசு மகளுடைய பெயர் நாளைக்கு ஊர் வாயில் அடிபடும். தெரிந்துதான் செய்தாள். செய்தது வீண்போகவில்லை என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உள்ளே காண்டிராக்டர் எழுந்தார். அவருடைய ஆள் ஒருவன் ரோஜாப்பூ மாலையோடு பின்னால் வந்தான். வக்கீலுக்கென்று வாங்கின மாலை. ஒரு மாலைதான் வாங்கியிருந்தார்கள். யார் கழுத்து என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. நேராகப் போய் ஆறுமுகநயினார் கழுத்தில் போட்டார். தோளில் கை போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தலைவர் அவாளுக்கு நம்ம மரியாதை. வீட்டுல இன்னைக்கு ஒரு மறுவீட்டுச் சொதி சாப்பிட்டேன், இன்னும் நாக்குல நிக்குது. சம்பந்தி, கோவிச்சிக்கிடக் கூடாது. மூத்தவனுக்குத்தானே இல்லேன்னேன்? இளையவன் இருக்கான்லா. நாளைக்கே வீட்டோட பங்களாவுக்கு வாங்க, தேதி குறிச்சிருவோம்."

சபையில் எல்லோரும் கைதட்டினார்கள். வக்கீல் முதலில் தட்டினார். நல்லகண்ணு இங்கும் அங்கும் பார்த்துவிட்டு அவரும் தட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே வடிவம்மாளின் அழுகை நின்றுவிட்டது. இளையவன் இருக்கான்லா என்ற பேச்சைக் கேட்டதும், அவள் எவ்வளவோ அடக்கியும் அடங்காமல், மனசுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கத் தயாராக இல்லை. பக்கத்தில் மாடத்தி அவள் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது.

உலகம்மாள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. உள்ளே, மாலையோடு நிற்கிற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தாள். மாலையைக் கழற்றுவார் என்று காத்திருந்தாள்.

"எம்மா" என்றாள் மெதுவாக. "அப்பா ஏன் சிரிக்காக?"